வேறு வேறு காலத்துக் குத்துச்சண்டைச் சாம்பியன்களை ஒப்பிடுவது எப்படி? எடை, எதிராளி, ரவுண்டு: முழுமையான வழிகாட்டி

சுகர் ரே ராபின்சன் பெரியவரா, ஃப்ளாய்ட் மேவெதர் பெரியவரா? ஒருவர் 19 முறை தோற்றவர், இன்னொருவர் 50 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காதவர், அப்புறம் என்ன கேள்வி என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய. அதே ஆட்கள்தான் அடுத்த நிமிடம், மேனி பாக்கியாவ் எட்டு எடைப் பிரிவில் பட்டம் வென்றவர், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் மூன்றில்தானே வென்றார் என்பார்கள். எண்கள் சரிதான். ஆனால் அந்த எட்டும் இந்த மூன்றும் ஒரே அளவுகோலில் எடுத்தவை இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை அது.

அதற்காக ஒப்பிடவே முடியாது என்று கையை விரிக்கவும் வேண்டாம். பட்டத்துக்கான பெல்ட்டையும் தோல்வியையும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, யாரை, எந்த வயதில், எந்த எடையில், எத்தனை ரவுண்டில் அடித்தார் என்று பார்க்க ஆரம்பித்தாலே பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். நான் பார்க்கிற வரிசையை அப்படியே கீழே தருகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம், முதல் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் கடைசிப் படியில் வந்து முட்டிக்கொள்வார்கள்.

படி 1: எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?

"யார் பெரியவர்" என்பதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தன் காலத்தில், தன் எதிரே நின்றவர்களோடு யார் அதிகம் சாதித்தார் என்பது ஒன்று. இருவரையும் ஒரே ரிங்கில் ஏற்றினால் யார் ஜெயிப்பார் என்பது இன்னொன்று. எடை வித்தியாசத்தையே அழித்துவிட்டு, திறமையை மட்டும் எடுத்துப் பார்த்தால் யார் மேலே என்பது மூன்றாவது. இதைத்தான் பவுண்டு ஃபார் பவுண்டு என்கிறோம், ராபின்சன் பேரோடு ஒட்டிக்கொண்டே பிரபலமான பேச்சு அது.

ராக்கி மார்சியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக்-அவுட். சாதனை என்று கேட்டால் ஹெவிவெயிட் வரலாற்றில் அவருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆனால் மனுஷனின் எடை 185 பவுண்டு பக்கம், அதாவது 84 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, 200 பவுண்டு எல்லை உள்ள க்ரூஸர்வெயிட்டில் வருவார். 6 அடி 5 அங்குலமும் 110 கிலோவும் இருந்த லெனாக்ஸ் லூயிஸ் எதிரே அவரை நிறுத்தினால் கஷ்டம்தான். "மார்சியானோ லூயிஸைவிடப் பெரியவர்" என்பதும், "லூயிஸ் மார்சியானோவை அடித்துவிடுவார்" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைத்தான் நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

படி 2: எடையைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில்தான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பழைய காலத்தில் எட்டே பிரிவுகள். ஃப்ளைவெயிட் 112 பவுண்டு, பேண்டம் 118, ஃபெதர் 126, லைட்வெயிட் 135, வெல்டர் 147, மிடில்வெயிட் 160, லைட் ஹெவி 175, அதற்கு மேல் எல்லாம் ஹெவிவெயிட். கிலோவில் சொன்னால் 50.8-இல் தொடங்கி 79.4 வரை எல்லைகள், அப்புறம் எல்லையே கிடையாது. இன்று 105 பவுண்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை 17 பிரிவுகள் (பட்டம் தரும் அமைப்புகளில் சில பிரிட்ஜர்வெயிட் என்று ஒன்றையும் சேர்த்தன, அதை விடுங்கள்). இதனால் என்ன ஆகிறது என்றால், முன்பு வெல்டரிலிருந்து மிடிலுக்கு ஏற ஒரே தாவலாக 13 பவுண்டு, மிடிலிலிருந்து லைட் ஹெவிக்கு 15 பவுண்டு தாவ வேண்டியிருந்தது. இப்போது நடுவில் 154-இலும் 168-இலும் படி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒருவர் எத்தனை பிரிவில் வென்றார் என்று எண்ணுவதற்குப் பதிலாக, எத்தனை பவுண்டு ஏறினார், ஏறின இடத்தில் யாரை அடித்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் போட்ட பிரிவுகளை உதறிவிட்டுப் பழைய எட்டை மட்டும் வைத்து இன்றைய வீரரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், விடை சுவாரசியமாக இருக்கும்; கடைசிப் படியில் பாக்கியாவை வைத்து அதைச் செய்து காட்டுகிறேன்.

அடுத்தது எடை பார்க்கும் நேரம். 1980-கள் வரை பெரும்பாலும் சண்டை நடக்கிற அன்றைக்கே எடை பார்ப்பார்கள். காலையில் 147 என்றால் இரவு ரிங்கிலும் ஏறக்குறைய அதே உடம்புதான். பிறகு முந்தின நாளே பார்ப்பது வழக்கமானது. இன்று வீரர்கள் உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வற்றவைத்து எடைக்கருவியில் ஏறி, மறுநாளுக்குள் குடித்தும் சாப்பிட்டும் ஊதிக்கொண்டு வருகிறார்கள். இதன் உச்சமாக எல்லோரும் காட்டுவது 2000 பிப்ரவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஆர்துரோ காட்டி, ஜோய் கமாச் சண்டை. ஒப்பந்த எடை, அதாவது இருவரும் முன்பே பேசி வைத்த எல்லை, 141. மறுநாள் ரிங்குக்கு வரும்போது காட்டி 160 பவுண்டு, அதாவது ஒரே நாளில் எட்டரைக் கிலோ. இரண்டாவது ரவுண்டிலேயே கமாச் விழுந்தார், அதுதான் அவருடைய கடைசிச் சண்டை. அந்த எடை பார்ப்பு ஒழுங்காக நடந்ததா என்பதே பிறகு நீதிமன்றம் வரை போனது.

எல்லோரும் இவ்வளவு ஏறுவதில்லை. ஆனாலும் இன்றைய வெல்டர்வெயிட் ரிங்கில் 155 தாண்டி நிற்பது சாதாரணம். 1947-இல் ராபின்சன் 147 என்றால் நிஜமாகவே 147-ஐ ஒட்டி நின்றவர். அவரை இன்று கொண்டுவந்தால் 140-இலேயே சண்டை போடச் சொல்லிப் பயிற்சியாளர் நச்சரிப்பார். ஆகவே 1985-க்கு முந்தைய வீரரை இன்றைய வீரரோடு நேருக்கு நேர் நிறுத்தும்போது, பழையவருக்கு ஒரு பிரிவு கீழே இடம் போடுங்கள், அல்லது புதியவரை அன்றைய காலையிலேயே எடை பார்க்க வையுங்கள். இரண்டையும் செய்யாமல் "இருவரும் 147 தானே" என்றால் அது பெயரளவில்தான் 147.

படி 3: பெல்ட்டை எண்ணாதீர்கள்

எட்டுப் பிரிவு, பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்றால் உலகத்தில் எட்டுப் பேர். (அப்போதும் சில சமயம் இரண்டு அமைப்புகள் இரண்டு பேரைச் சாம்பியன் என்று சொன்னதுண்டு, அது வேறு.) இன்று டபிள்யூ.பி.ஏ., 1963-இல் வந்த டபிள்யூ.பி.சி., 1983-இல் வந்த ஐ.பி.எஃப்., 1988-இல் வந்த டபிள்யூ.பி.ஓ. என நான்கு அமைப்புகள், 17 பிரிவுகள், அதாவது ஒரே நேரத்தில் 68 பெல்ட்டுகளுக்கு இடம். இதில் சூப்பர் சாம்பியன், இடைக்கால சாம்பியன் என்று கிளைகள் வேறு. "நான்கு முறை உலகச் சாம்பியன்" என்ற வாசகத்தைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, அந்த நான்கு முறையும் அவர் யாரிடமிருந்து அதைப் பறித்தார் என்பதைத்தான். காலியாகக் கிடந்த பெல்ட்டை இன்னொரு போட்டியாளரோடு அடித்து எடுத்ததா, ஏற்கனவே இருந்த சாம்பியனை வீழ்த்தி எடுத்ததா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இன்றைய வீரர்களில் எல்லா பெல்ட்டையும் ஒன்றுசேர்த்தவர்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள், ஏனென்றால் அவர்கள்தான் பழைய காலத்து ஒற்றைச் சாம்பியனுக்குச் சமம். டெரன்ஸ் க்ராஃபோர்ட் 140-இல் 2017-இலும், 147-இல் 2023-இலும், 2025 செப்டம்பரில் கனெலோவை அடித்து 168-இலும் அப்படிச் செய்தார். க்ரூஸரில் 2018-இலும் ஹெவியில் 2024-இலும் உசிக் செய்தார். நயோயா இனோவே 118-இலும் 122-இலும். இவர்கள் கணக்கு எந்தக் காலத்தோடு வைத்தாலும் நிற்கும்.

படி 4: ரெக்கார்டைத் தேதி போட்டுப் படியுங்கள்

வெற்றி, தோல்வி என்ற இரண்டு எண்ணைப் பார்த்து முடிவு சொல்வதைப் போல மோசமான பழக்கம் வேறில்லை. ராபின்சனின் 19 தோல்வியைத் தேதிவாரியாகப் போட்டுப் பாருங்கள். 1940-இல் ஆரம்பித்தவர், 1951 ஜூலை வரை ஒரே ஒருமுறைதான் தோற்றார்: 1943 பிப்ரவரியில் ஜேக் லமோட்டாவிடம், அதுவும் தன்னைவிட சுமார் 16 பவுண்டு கனமான ஆளிடம். அந்த லமோட்டாவோடு மொத்தம் ஆறு சண்டை, ஐந்தில் ராபின்சன் வெற்றி. 1943 முதல் 1951 வரை 91 சண்டைகள் தோல்வியே இல்லை. மீதி 18 தோல்வியும் 30 வயதிலிருந்து 44 வயதுக்குள், பல காசுக்காக இழுத்துக்கொண்டு போன கடைசி வருஷங்களில் வந்தவை. அதில் ஒன்று 1952 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில், லைட் ஹெவி சாம்பியன் ஜோய் மாக்ஸிமோடு. ராபின்சன் 157½, மாக்ஸிம் 173. வெப்பம் 40 டிகிரி. பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு நடுவரே தாங்காமல் மாற்றப்பட்டார்! புள்ளிகளில் முன்னே இருந்த ராபின்சன் 14-ஆவது ரவுண்டுக்கு எழ முடியவில்லை. வாழ்நாளில் அவர் முழுச் சண்டையை முடிக்க முடியாமல் போனது அது ஒன்றுதான். இதையும் "தோல்வி 1" என்று எழுதிவிட்டு மேவெதரின் பூஜ்யத்தோடு ஒப்பிடுவது எப்படி நியாயம்?

ரொபெர்ட்டோ டுரானும் அப்படித்தான். 103 வெற்றி, 16 தோல்வி என்று பார்த்தால் ஏதோ போலத் தோன்றும். 1980 நவம்பரில் ரே லியோனார்டோடு இரண்டாவது சண்டைக்குப் போகும்போது அவர் ரெக்கார்டு 72 வெற்றி, 1 தோல்வி. அந்த ஒன்றும் எஸ்தபான் டி ஹேசுஸிடம், பட்டம் இல்லாத சண்டையில். பிறகு அவரை இருமுறை அடித்துத் தீர்த்துக்கொண்டார். மற்றத் தோல்விகள் எல்லாம் லைட்வெயிட்டை விட்டு மேலே ஏறிய பிறகு வந்தவை. 135-இல் வளர்ந்த மனிதர் 1983-இல் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹாக்லரோடு 15 ரவுண்டு நின்றதும், 1989-இல் 37 வயதில் ஐரன் பார்க்லியை அடித்து மிடில்வெயிட் பட்டம் வாங்கியதும் அந்த 16-ஐவிட அதிகம் பேசும்.

அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு உச்ச காலத்தை, ஐந்து அல்லது ஆறு வருஷத்தை, குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே வந்த தோல்விக்குப் பாதி எடைதான். வெற்றிக்கும் அதே விதி பொருந்தும்: 1951-இல் மார்சியானோ ஜோ லூயிஸை வீழ்த்தியபோது லூயிஸுக்கு 37 வயது, 1980-இல் லாரி ஹோம்ஸ் முகமது அலியை அடித்தபோது அலிக்கு 38. இரண்டையும் பெரிய வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னும் பின்னால் போனால் ரெக்கார்டே வேறு மொழி பேசும். 1900-களிலும் 1910-களிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நாக்-அவுட் இல்லாவிட்டால் அதிகாரப்பூர்வ முடிவே கிடையாது. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் யார் ஜெயித்தார் என்று எழுதியதுதான் தீர்ப்பு. ஏறத்தாழ 300 சண்டை போட்ட ஹாரி கிரெப்பின் கணக்கில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. அவற்றைத் தள்ளிவிட்டால் கிரெப் பாதியாகிவிடுவார், சேர்த்தால்தான் மனிதர் முழுதாகத் தெரிவார். சேர்த்துவிடுங்கள். எதிர்மாறாக, கண்காட்சிச் சண்டைகளைச் சேர்க்கக் கூடாது. 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு ஆடிக் காட்டியது நம் ஊருக்குப் பெருமை, ரெக்கார்டில் அதற்கு இடமில்லை.

படி 5: எதிராளிகளை எண்ணுங்கள், சண்டை மறுக்கப்பட்டவர்களையும் எண்ணுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படியையும்விட இதற்குத்தான் அதிக எடை. ஒரு தாளில் வீரரின் பெயரைப் போட்டு, அவர் அடித்த மிகச் சிறந்த ஐந்து பேரை எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் அன்றைய வயது, அன்றைய எடை, அதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று குறித்துவிடுங்கள். பட்டமே வாங்காதவர்கள்கூட மேலே வந்துவிடுவார்கள். எஸ்ஸார்ட் சார்ல்ஸ் ஆர்ச்சி மூரை மூன்று முறை சந்தித்து மூன்றிலும் ஜெயித்தவர். லைட் ஹெவி வரலாற்றில் முதல் இடம் என்று பலர் வைப்பது அவரை, ஆனால் அந்தப் பிரிவில் அவருக்குப் பட்டச் சண்டையே கிடைக்கவில்லை. பட்டத்தை எண்ணுகிறவர் பட்டியலில் அவர் லைட் ஹெவியாக இருக்கவே மாட்டார்.

சாம் லாங்ஃபோர்ட் கதை இன்னும் மோசம். லைட்வெயிட்டில் ஆரம்பித்து ஹெவிவெயிட் வரை எல்லோரையும் அடித்தவர், கறுப்பர் என்பதால் கதவு மூடியே இருந்தது. 1906-இல் ஜாக் ஜான்சனிடம் தோற்றார், ஜான்சன் அவரைவிட வெகு கனம். 1908-இல் ஜான்சன் சாம்பியன் ஆன பிறகு லாங்ஃபோர்டுக்கு இன்னொரு வாய்ப்பே தரவில்லை. ஜான்சன் 1915-இல் பட்டத்தை இழந்த பிறகு 1937-இல் ஜோ லூயிஸ் வரும்வரை எந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டச் சண்டை கிடைக்கவில்லை. ஆகவே அந்த 22 வருஷத்துச் சாம்பியன்கள் எல்லோருடைய கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, டெம்ப்சி உட்பட. ராபின்சனே எழுபதுக்கும் மேல் சண்டைகளை வென்ற பிறகு, 1946 டிசம்பரில்தான் வெல்டர் பட்டத்துக்குப் போட்டியிட முடிந்தது.

இன்றும் தப்பிப்பது உண்டு, காரணம்தான் வேறு: தொலைக்காட்சி ஒப்பந்தம், பங்குப் பேரம், நேரம் பார்த்தல். மேவெதரும் பாக்கியாவும் 2015 மே மாதம் சந்தித்தார்கள், சந்தித்திருக்க வேண்டியது 2010-இல். அந்த ஐந்து வருஷத் தாமதத்துக்கு இருவர் கணக்கிலும் கொஞ்சம் வெட்டுங்கள்.

படி 6: ரவுண்டுகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு மோதிய தென் கொரியாவின் கிம் டுக்-கூ 14-ஆவது ரவுண்டில் விழுந்து சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகு டபிள்யூ.பி.சி. 15 ரவுண்டை 12 ஆகக் குறைத்தது, மற்றவர்கள் சில வருஷத்தில் பின்தொடர்ந்தார்கள். தேவையான மாற்றம்தான். ஆனால் ஒப்பிடுகிறவருக்கு இது பெரிய விஷயம், ஏன் என்று மூன்று சண்டைகள் சொல்லும்.

1941-இல் பில்லி கான் தன்னைவிடக் குறைந்தது 25 பவுண்டு கனமான ஜோ லூயிஸை 12 ரவுண்டுக்குப் பின்னும் புள்ளியில் முந்திக்கொண்டிருந்தார், 13-இல் நாக்-அவுட் ஆனார். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட் மார்சியானோவை முந்திக்கொண்டிருந்தார், அவரும் 13-இல் ஒரே வலக்கைக் குத்தில் சரிந்தார். 1981-இல் தாமஸ் ஹெர்ன்ஸ் புள்ளி போடும் மூன்று நடுவர்களின் அட்டையிலும் லியோனார்டை முந்திக்கொண்டிருந்தார், 14-இல் ரிங் நடுவர் சண்டையை நிறுத்தினார். இந்த மூன்றையும் இன்றைய 12 ரவுண்டில் நடத்தியிருந்தால் லூயிஸின் 25 தொடர் பட்டக் காப்பு கிடையாது, மார்சியானோவின் 49-0 கிடையாது, லியோனார்டின் மிகப் பெரிய வெற்றி கிடையாது. லியோனார்டுக்கு இது நன்றாகவே தெரியும் போலிருக்கிறது. 1987-இல் ஹாக்லரோடு மோதியபோது 12 ரவுண்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார், ஜெயித்தார்.

நேருக்கு நேர் ஒப்பிடும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள்: எத்தனை ரவுண்டு, எந்தக் காலத்து நடுவர், எப்போது எடை. 1919-இல் டெம்ப்சி ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை விழவைத்தார், ஆனால் விழுந்தவர் எழும்போதே பக்கத்தில் நின்று அடிக்க அன்று விதி இடம் கொடுத்தது. அந்த டெம்ப்சியை 2020-க்குக் கொண்டுவந்தால் அவர் எதிர் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். 1927-இல் டன்னியோடு அப்படிப் போகச் சுணங்கியதுதான் அவருக்கு வினையானது.

படி 7: வீடியோ

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், வர்ணனையாளர் உங்கள் கண்ணைக் கெடுத்துவிடுவார். ஒருவருக்கு மூன்று சண்டை போதும்: உச்சத்தில் இருந்த ஒரு இரவு, நெருக்கடியில் ஜெயித்த ஒன்று, தோற்ற ஒன்று. அலி என்றால் 1966-இல் க்ளீவ்லண்ட் வில்லியம்ஸ், 1974-இல் கின்ஷாசாவில் ஃபோர்மன், 1971-இல் ஃப்ரேசியர். கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள். குத்திய பிறகு எங்கே நிற்கிறார், அடி வாங்கிய அடுத்த பத்து நொடியில் என்ன செய்கிறார், ஒன்பதாவது ரவுண்டுக்கு மேல் ஜாப் (முன் கையின் நேர்க் குத்து) இன்னும் நேராக வருகிறதா.

பழைய ஊமைப் படங்களில் எல்லோரும் விறுக் விறுக்கென்று பொம்மை போல ஆடுவதைப் பார்த்துவிட்டு "இவங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சிரிக்காதீர்கள், அது கையால் சுழற்றி எடுத்த படத்தைத் தப்பான வேகத்தில் ஓட்டுவதால் வருவது. கிரெப்பின் சண்டை ஒன்றுகூடப் படமாக இல்லை. ராபின்சனின் வெல்டர்வெயிட் காலமும் ஏறக்குறைய இருட்டுதான். நாம் பார்த்துப் பிரமிக்கிற, 1957-இல் ஜீன் ஃபுல்மரை வீழ்த்திய இடது ஹூக்கை (வளைத்துப் போடும் குத்து) அவர் 36-ஐ நெருங்கும் வயதில் போட்டார், உச்சம் தாண்டிப் பல வருஷம் ஆன பிறகு.

படி 8: பாலமாக நிற்கும் வீரர்களைப் பிடியுங்கள், ஆனால் சங்கிலி போடாதீர்கள்

இரண்டு காலத்தையும் தொட்டவர்கள் சிலர் உண்டு. ஆர்ச்சி மூர் 1955-இல் மார்சியானோவை இரண்டாவது ரவுண்டில் விழவைத்தார், பிறகு ஒன்பதில் தோற்றார். அதே மூர் 1962-இல் அலியிடம் நாலு ரவுண்டில் தோற்றார். லாரி ஹோம்ஸ் 1980-இல் அலியையும், 1988-இல் டைசனையும், 1992-இல் 42 வயதில் ஹோலிஃபீல்டையும் சந்தித்தார். ஃபோர்மன் 1973-இல் ஃப்ரேசியரிடமிருந்து பறித்த பட்டத்தை 1994-இல் 45 வயதில் மைக்கேல் மூரரிடமிருந்து மறுபடி வாங்கினார். வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இவர்கள் நல்ல சாட்சிகள். 45 வயது ஃபோர்மன் 1994-இல் ஜெயிக்க முடிந்தது என்றால், 70-களின் ஹெவிவெயிட்கள் சிறியவர்கள், பழைய பாணிக்காரர்கள் என்று ஒதுக்குவது அவ்வளவு எளிதல்ல.

சங்கிலி வேண்டாம் என்பதற்கும் அதே 70-கள்தான் காரணம். ஃப்ரேசியர் அலியை அடித்தார், ஃபோர்மன் ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழவைத்து முடித்தார், அலி ஃபோர்மனை அடித்தார். அ, ஆவைவிட மேல், ஆ, இயைவிட மேல் என்று எழுதிக்கொண்டே போனால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம். 1967-இல் கணினியை வைத்து எல்லாக் காலத்து ஹெவிவெயிட்களையும் மோதவிட்டார்கள், அலி ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக விடை வந்தது, அலி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அப்புறம் அவரும் மார்சியானோவும் கேமரா முன்னால் பொய்ச் சண்டை போட, 1970-இல் திரையிட்டபோது அமெரிக்காவில் மார்சியானோ ஜெயித்தார், ஐரோப்பாவில் காட்டிய பதிப்பில் அலி ஜெயித்தார். கணினிக்கும் ஊர்ப்பாசம் இருந்திருக்கிறது.

படி 9: இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு

ஆம்ஸ்ட்ராங், பாக்கியாவ். இருவரும் சின்ன உடம்போடு மேலே ஏறியவர்கள், இருவரும் நிற்காமல் குத்திக்கொண்டே இருப்பவர்கள். எட்டா, மூன்றா?

பாக்கியாவ் 1998-இல் ஃப்ளைவெயிட், 2001-இல் 122, 2003-இல் பாரெராவை அடித்து ஃபெதர், 2008-இல் 130-உம் 135-உம், 2009-இல் 140-உம் 147-உம், 2010-இல் 154. பழைய எட்டை மட்டும் வைத்தால் 112, 126, 135, 147 என நான்கு மிஞ்சுகிறது. மிஞ்சியதே நான்கு, அதுவே பிரமாண்டம். 147-இல் கோட்டோவோடு மோதியது 145 என்ற ஒப்பந்த எடையில், 154 பட்டத்துக்கு மார்கரிட்டோவோடு மோதியது 150-இல். ஆனால் அன்றிரவு மார்கரிட்டோ அவரைவிட 17 பவுண்டு கூடுதலாக நின்றார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதிராளிகள் பட்டியல் நீளம்: பாரெரா, மொராலெஸ், மார்க்வெஸ், ஹாட்டன், கோட்டோ. 2019-இல் 40 வயதில் கீத் தர்மனை அடித்தது தனி.

ஆம்ஸ்ட்ராங் 1937 அக்டோபரில் ஃபெதர் பட்டம், 1938 மே மாதம் பார்னி ராஸை அடித்து வெல்டர், ஆகஸ்டில் லூ ஆம்பர்ஸை அடித்து லைட்வெயிட். உலகத்தில் இருந்த எட்டுப் பட்டங்களில் மூன்று ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், மூன்றும் சாம்பியன்களிடமிருந்து பறித்தவை. ராஸோடு மோதும்போது அவர் உடம்பு லைட்வெயிட் எல்லையான 135-ஐக்கூட எட்டவில்லை. 1937-இல் மட்டும் 27 சண்டை, 27 வெற்றி, 26 நாக்-அவுட். 1940-இல் செஃபெரினோ கார்சியாவோடு மிடில்வெயிட் பட்டத்துக்கு மோதி டிரா, அப்போது அவர் எடை 142. அந்தக் காலத்து வழக்கம் சண்டை அன்றைக்கே எடை பார்ப்பது.

சாதனைக் கேள்விக்கு நான் ஆம்ஸ்ட்ராங்கைத்தான் வைப்பேன், அந்த இரண்டு மூன்று வருஷ உயரத்தை யாரும் தொடவில்லை. எவ்வளவு காலம், எவ்வளவு தூரம் என்று கேட்டால் பாக்கியாவ், 112-இலிருந்து 154 வரை 21 வருஷ இடைவெளியில் பட்டங்கள் வென்றதற்கு ஈடில்லை. 135-இல் நேருக்கு நேர், 15 ரவுண்டு என்றால் ஆம்ஸ்ட்ராங், 12 ரவுண்டும் முந்தின நாள் எடையும் என்றால் பாக்கியாவின் இடக்கை.

ஏறாதவர்களை இந்தக் கணக்கில் குறைத்துவிட வேண்டாம். கார்லோஸ் மொன்சோன் 14 முறை மிடில்வெயிட் பட்டத்தைக் காத்தார், ஹாக்லர் 12 முறை, இருவரும் 160-ஐ விட்டு நகரவே இல்லை. வீட்டைத் தேடி வந்தவர்களையெல்லாம் அடித்து அனுப்பியதும் சாதனைதான். ஹெவிவெயிட்டுக்கும் இந்த வழி பாதிதான் பொருந்தும், எல்லையே இல்லாத பிரிவு என்பதால். அங்கே சாதனைப் பட்டியல் ஒன்று, நேருக்கு நேர் பட்டியல் ஒன்று என்று இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். உசிக் போல ஒருவர் தன்னைவிட ஒரு தலை உயரமான டைசன் ஃப்யூரியை இருமுறை அடித்த பிறகு இரண்டாவது தாளிலும் உயரத்தை மட்டும் நம்ப முடியவில்லை.

கடைசியாக, விடையை எழுதும் விதம். வருஷம், எடை, ரவுண்டு, எடை பார்த்த நேரம் நான்கும் இல்லாத விடையை வெளியே சொல்லாதீர்கள். என் விடை ஒன்றைத் தருகிறேன், வேண்டுமானால் சண்டைக்கு வாருங்கள்: 1947 ராபின்சன், 1981 லியோனார்ட், 147 பவுண்டு, அன்றைய காலையில் எடை, 15 ரவுண்டு. ராபின்சன் புள்ளியில், 9-6 அளவில், கடைசி மூன்று ரவுண்டில் முந்திப் போய்விடுவார். அதையே 12 ரவுண்டாக்கி முந்தின நாள் எடை பார்த்தால் லியோனார்டுக்கு என் காசு போகாது, ஆனால் ராபின்சன் மீதும் அதை நிம்மதியாகப் போட மாட்டேன்.